ஆன்டெனா அனலைசர் வாங்குமுன், எங்கே நின்று அளக்கப்போகிறீர்கள் என்று யோசியுங்கள்

ஹாம் ரேடியோ (பொழுதுபோக்கு வானொலி) உரிமம் கிடைத்த கையோடு பலரும் கேட்கும் கேள்வி இது: "ரிக்கிலேயே எஸ்டபிள்யூஆர் மீட்டர் இருக்கிறதே, தனியாக ஆன்டெனா அனலைசர் எதற்கு?" நியாயமான கேள்விதான். ரிக் என்பது அனுப்பவும் கேட்கவும் பயன்படும் ரேடியோப் பெட்டி. எஸ்டபிள்யூஆர் என்பது ஆன்டெனாவும் கேபிளும் எவ்வளவு பொருந்துகின்றன என்று சொல்லும் எண்; 1 என்றால் முழுப் பொருத்தம், ஏற ஏறப் பவர் திரும்பிவரும். அனலைசர், ஆன்டெனாவைப் பல அதிர்வெண்களில் சோதித்துக் காட்டும் கருவி. அந்த மீட்டரை மட்டும் வைத்துக்கொண்டு அருமையான டைபோல்கள் (நடுவில் கேபிள் இணையும் கம்பி ஆன்டெனாக்கள்) கட்டியவர்களை எனக்குத் தெரியும். ஆனாலும், கையில் இருக்கும் பணத்தில் இன்னொரு ரிக் வாங்கட்டுமா, அனலைசர் வாங்கட்டுமா என்று யாராவது கேட்டால், அனலைசர் என்று தயங்காமல் சொல்வேன்.

40 மீட்டர் பேண்டுக்கு (7 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசைக்கு) ஒரு டைபோல் கட்டி மேலே ஏற்றியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 7.1 மெகாஹெர்ட்ஸில் எஸ்டபிள்யூஆர் 2-ஐ ஒட்டிக் காட்டுகிறது. கம்பி நீளமா, குட்டையா? பேண்டுக்குள் கொஞ்சம் கீழே, கொஞ்சம் மேலே என்று குறைந்த பவர் விட்டுப் பார்க்கலாம். கீழே போகப்போக மதிப்பு குறைந்தால் கம்பி நீளம். சரி, எவ்வளவு நீளம்? இந்த இடத்தில்தான் ரிக்கின் மீட்டர் கையை விரித்துவிடும். ஆன்டெனாவின் ரெசொனன்ஸ், அதாவது அது இயல்பாக ஒத்ததிரும் அதிர்வெண், 6.92 மெகாஹெர்ட்ஸில் இருந்தால், அங்கே டிரான்ஸ்மிட் செய்ய நமக்கு அனுமதியே கிடையாது. அனலைசர் விடுவது மில்லிவாட் கணக்கில் ஒரு துளி பவர். அதனால் பேண்டுக்கு வெளியேயும் தாராளமாகத் தேடலாம். 6.92-இல் குழி, அதாவது எஸ்டபிள்யூஆர் மிகக் குறையும் இடம், தெரிந்துவிட்டால் மிச்சம் வெறும் கணக்கு. இப்போதைய நீளத்தை இப்போதைய ரெசொனன்ஸால் பெருக்கி, வேண்டிய அதிர்வெண்ணால் வகுக்க வேண்டும். மொத்தக் கம்பி 20.6 மீட்டர் என்றால், 20.6-ஐ 6.92-ஆல் பெருக்கி 7.1-ஆல் வகுத்தால் 20.08 மீட்டர். அதாவது 52 சென்டிமீட்டர் அதிகம், பக்கத்துக்கு 26. எடுத்த எடுப்பில் வெட்டிவிடாமல், நுனியைப் பின்னால் மடித்து முறுக்கிவிட்டு மறுபடி ஏற்றிப் பாருங்கள். சரியாக வந்தபிறகு வெட்டிக்கொள்ளலாம். முதல்முறை இறக்கும்போதே எவ்வளவு மடிக்க வேண்டும் என்று தெரிந்துவிடுவதால், கயிற்றை ஏற்றி இறக்கும் வேலை பாதிக்குமேல் மிச்சமாகும்.

இரண்டாவது காரணம் இதைவிடப் பெரியது. 50 ஓம் கேபிளில் 25 ஓம் லோடும் (கேபிளின் முனையில் மாட்டிய ஆன்டெனாவோ ரெசிஸ்டரோ) எஸ்டபிள்யூஆர் 2 காட்டும், 100 ஓம் லோடும் அதே 2 காட்டும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. எஸ்டபிள்யூஆர் என்ற ஒற்றை எண்ணைப் பார்த்து எது என்று சொல்லவே முடியாது. இம்பீடன்ஸை, அதாவது மாறுமின்னோட்டத்துக்கான மொத்தத் தடையை, பவரை ஏற்கும் ரெசிஸ்டன்ஸ், ஆற்றலைத் தேக்கித் திருப்பும் ரியாக்டன்ஸ் என்று பிரித்துக் காட்டும் கருவி வேண்டும்.

இதை எனக்கு நன்றாக உறைக்க வைத்தது ஒரு வெர்டிகல் ஆன்டெனா. கால் அலைநீளக் குழாய், அடியில் மண்ணில் பதித்த சில ரேடியல் கம்பிகள். எஸ்டபிள்யூஆர் கிட்டத்தட்ட 1. கட்டிய நண்பருக்கு ஒரே சந்தோஷம். ஆனால் அதில் கூப்பிட்டால் தூரத்து நிலையங்கள் எதுவும் திரும்பிப் பார்க்கவில்லை. ரேடியல்களைக் கூட்டிப் பார்ப்போம் என்று நாங்கள் ஒவ்வொன்றாகப் போடப்போட எஸ்டபிள்யூஆர் ஏறிக்கொண்டே போனது. 1.1, 1.2, 1.3. நண்பர் முகம் வாடிவிட்டது. "சார், நல்லா இருந்ததை நாமளே கெடுத்துட்டோமா?" என்றார். அனலைசரில் ரெசிஸ்டன்ஸ் எண்ணைக் காட்டினேன். முதலில் 50-ஐத் தொட்டுக்கொண்டிருந்தது இப்போது 40-க்கும் கீழே இறங்கியிருந்தது.

நல்ல தரைமேல் நிற்கும் கால் அலைநீள வெர்டிகலின் ரெசிஸ்டன்ஸ் ஏறக்குறைய 36 ஓம்தான். அது 50 காட்டுகிறது என்றால் மிச்சம் 14 ஓம் மண்ணில் தொலையும் இழப்பு. அனுப்பும் பவரில் நூற்றுக்கு 28 பங்கு மண்ணைச் சூடாக்கப் போய்விடுகிறது. ரேடியல் கூடக்கூட இழப்பு குறையும், ரெசிஸ்டன்ஸ் 36-ஐ நோக்கி இறங்கும், எஸ்டபிள்யூஆர் 1.4 வரை ஏறும். அதாவது மீட்டர் மோசமாகிறது, ஆன்டெனா நன்றாகிறது! எஸ்டபிள்யூஆர் மட்டும் தெரிந்திருந்தால் புதிதாகப் போட்ட ரேடியல்களை நாங்களே பிடுங்கிப் போட்டிருப்போம். அன்றிலிருந்து யார் கேட்டாலும் நான் சொல்லும் முதல் நிபந்தனை இதுதான்: எஸ்டபிள்யூஆரை மட்டும் காட்டும் கருவியில் காசு போடாதீர்கள்.

மூன்று வகைக் கருவிகள்

நான் புழங்கியவை மூன்று வகை. முதலாவது குமிழ் திருகும் பழைய வகை. எம்எஃப்ஜே-259பி இதில் பிரபலமானது. 1.8 முதல் 170 மெகாஹெர்ட்ஸ் வரை போகும், முகப்பில் இரண்டு முள் மீட்டர்கள், மேலே ஒரு சின்னத் திரை. அந்நிறுவனம் தன் சொந்த ஆலையில் உற்பத்தியை 2024-இல் நிறுத்திவிட்டது. ஆனாலும் பழையவை ஏராளமாகக் கைமாறுகின்றன. இந்த வகையை யாரும் இளக்காரமாகப் பார்க்க வேண்டாம். குமிழைத் திருகத் திருக முள் விழுந்து எழுவதைக் காண்பதில் ஒரு சுகம் இருக்கிறது. சுகத்தை விடுங்கள், பயனும் இருக்கிறது. கைமுறை ட்யூனரைச் சரிசெய்யும்போதோ, காமா மேட்சின் (ஆன்டெனாவைக் கேபிளோடு பொருத்தும் ஒரு அமைப்பின்) கம்பியை நகர்த்தும்போதோ, திரையில் அடுத்த கோடு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. முள் உடனே அசையும். எந்தப் பக்கம் திருப்புவது என்று கைக்கே தெரிந்துவிடும்.

இவற்றின் பலவீனம் உள்ளே இருக்கும் டையோடு டிடெக்டர். அது எந்த அதிர்வெண் என்று பிரித்துப் பார்ப்பதில்லை, ஆன்டெனாவிலிருந்து வரும் எல்லா ஆற்றலையும் சேர்த்தே அளக்கும். பக்கத்தில் பெரிய மீடியம் வேவ் ஒலிபரப்பு நிலையம் இருந்து, நீங்கள் 80 மீட்டர் டைபோல் போன்ற நீண்ட கம்பியை அளந்தால், அந்த நிலையத்தின் சிக்னல் உள்ளே புகுந்து முள்ளைக் கீழே இறங்கவே விடாது. குமிழை எந்தப் பக்கம் திருப்பினாலும் குழி சரியாக விழவில்லை என்றால், ஆன்டெனாவைச் சந்தேகிக்கும் முன் இதைச் சந்தேகியுங்கள். இன்னொரு குறை, இந்த வகையில் பல கருவிகள் ரியாக்டன்ஸின் அளவைச் சொல்லும், குறியைச் சொல்லாது. கூட்டலா, கழித்தலா என்று அறிய அதிர்வெண்ணைச் சற்றே ஏற்றி, மதிப்பு கூடுகிறதா குறைகிறதா என்று பார்ப்பார்கள். ஆன்டெனாவின் முனையில் வைத்துப் பார்த்தால் இது பெரும்பாலும் உதவும். நீண்ட கோஆக்ஸ் கேபிள் வழியே பார்த்தால் ஏமாற்றிவிடும்.

இரண்டாவது, தன்னிறைவான கைக்கருவிகள். ரிக்எக்ஸ்பர்ட் வரிசையைப் பலர் பார்த்திருப்பீர்கள். அவற்றின் பெயரில் வரும் எண்ணே ஏறக்குறைய எத்தனை மெகாஹெர்ட்ஸ் வரை போகும் என்று சொல்லிவிடும். ஏஏ-55 என்றால் 55 வரை, ஏஏ-230 என்றால் 230 வரை, ஏஏ-600 என்றால் 600 வரை. உறுதியான உறை, பெரிய கனெக்டர், கையுறை போட்டுக்கொண்டும் அழுத்தக்கூடிய பட்டன்கள். வாங்கியபின் அளவுதிருத்தம் (காலிபரேஷன்) செய்யாமலேயே ஆன்டெனாவில் மாட்டி உடனே பார்க்கலாம். விலை மட்டும் கொஞ்சம் யோசிக்க வைக்கும்.

மூன்றாவது நானோவிஎன்ஏ. ஜப்பானிய ஆர்வலர் ஒருவர் வடிவமைத்து, சர்க்யூட்டையும் மென்பொருளையும் எல்லோருக்கும் திறந்துவைத்தார். 2019-இல் அது சின்னப் பெட்டியாக உலகெங்கும் பரவியது. ஆய்வகத்தில் மட்டுமே இருந்த வெக்டர் நெட்வொர்க் அனலைசர் என்ற வகைக் கருவியைச் சாதாரண ஹாமின் சட்டைப்பைக்குள் கொண்டுவந்தது அதுதான். அந்தக் கொடையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது. ரெசிஸ்டன்ஸ், ரியாக்டன்ஸ் குறியோடு, இம்பீடன்ஸை வட்டத்தில் வரைந்து காட்டும் ஸ்மித் சார்ட், எல்லாமே ஒரே திரையில் வரும். இரண்டாவது போர்ட்டும் (இணைப்பு வாயும்) இருப்பதால் ஃபில்டர், சோக் (வேண்டாத மின்னோட்டத்தைத் தடுக்கும் சுருள்), டிரான்ஸ்ஃபார்மர் எல்லாவற்றையும் அளக்கலாம். கொடுக்கும் விலைக்கு இதற்கு ஈடான கருவி எனக்குத் தெரிந்து கிடையாது.

அப்படியானால் எல்லோரும் நானோவிஎன்ஏ வாங்கிவிட வேண்டியதுதானே? இங்கேதான் தலைப்பில் உள்ள கேள்வி வருகிறது.

எங்கே நின்று அளப்பீர்கள்?

மேசையில் அமர்ந்து அளப்பவருக்கு நானோவிஎன்ஏ பொக்கிஷம். வெயிலில், ஏணியில், ஒரு கையால் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பவருக்கு அதே கருவி சோதனை. அதன் சிறிய திரை உச்சிவெயிலில் வெளிறிப் போகும். தொடுதிரையின் நுண்ணிய மெனுக்களை வியர்த்த விரலால் தேட வேண்டும். கனெக்டரோ எஸ்எம்ஏ எனும் சின்னத் திருகு வகை. எஸ்எம்ஏ கனெக்டர் பொதுவாக 500 முறை மாட்டிக் கழற்றுவதற்கென்றே கணக்கிட்டுச் செய்யப்படுவது. அளவுதிருத்தத்துக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் மூன்று தடவை திருகினால் அந்த 500 எவ்வளவு சீக்கிரம் தீரும் என்று பாருங்கள். அதிலேயே ஆர்ஜி-213 போன்ற கனமான கேபிளை அடாப்டர் வைத்துத் தொங்கவிட்டால், கனெக்டர் சர்க்யூட் போர்டிலிருந்து பெயர்ந்துவரும்.

இதற்கெல்லாம் வழி இருக்கிறது. நான் செய்வது: ஒரு முனையில் எஸ்எம்ஏ, மறுமுனையில் பிஎல்-259 (ஹாம்களின் வழக்கமான பெரிய கேபிள் கனெக்டர்) மாட்டக்கூடிய பெண் கனெக்டர் உள்ள மெல்லிய, வளையக்கூடிய, கையளவு நீளக் கேபிள் ஒன்றைக் கருவியில் நிரந்தரமாகவே மாட்டிவிடுவது. அதைக் கழற்றுவதே இல்லை. அளவுதிருத்தத்தையும் அந்தக் கேபிளின் மறுமுனையில்தான் செய்கிறேன். கருவியின் கனெக்டர் தேய்வதில்லை, கனமான கேபிளின் இழுப்பும் அதற்குப் போவதில்லை. திரைக்கு மேல் கறுப்பு அட்டையில் ஒரு கூரை. ஏணிக்குப் போகும் முன்பே தேவையான பேண்டுகளை அளவுதிருத்தி, கருவியின் நினைவிடங்களில் சேமித்துவைத்துவிடுவேன். மேலே போய் மெனு தேடக்கூடாது.

இத்தனை ஏற்பாடும் தொல்லை என்று நினைப்பவர், அடிக்கடி வெளியில் போய்க் கம்பி கட்டுபவர், கைக்கருவியையே வாங்கலாம். பணம் வீணாகாது. என் பார்வையில் இரண்டு வகைக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் துல்லியம் அல்ல, நின்ற இடத்தில் எவ்வளவு சுலபமாகப் பயன்படுத்த முடிகிறது என்பதுதான்.

எந்த அதிர்வெண் வரை வேண்டும் என்பதையும் இதே போல வேலையை வைத்து முடிவு செய்யுங்கள். ஹெச்எஃப் (3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ்) மட்டும் போதும் என்றால் 55 மெகாஹெர்ட்ஸ் வரை போகும் கருவி போதும், 6 மீட்டர் பேண்டும் சேர்ந்து வந்துவிடும். 70 சென்டிமீட்டர் பேண்டில் யாகி எனும் திசை ஆன்டெனா கட்டும் எண்ணம் இருந்தால் 450-ஐத் தாண்ட வேண்டும். நானோவிஎன்ஏவின் முதல் வடிவங்கள் 300 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் அடிப்படை அலையை விட்டு அதன் ஹார்மோனிக்குகளை (மடங்கு அதிர்வெண்களை) வைத்து அளப்பவை. அங்கே ஆன்டெனாவின் எஸ்டபிள்யூஆர் பார்ப்பதற்குக் குறை ஒன்றும் இல்லை. ஆழமாக வெட்டும் ஃபில்டரை அளக்கும்போதுதான் அதன் எல்லை தெரியும்.

கோட்டை நம்பும் முன்

நானோவிஎன்ஏவைப் புதிதாக வாங்கியவர்கள் பெரும்பாலும் 1 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை ஒரே வீச்சில் வைத்துவிட்டு, "என் ஆன்டெனாவில் குழியே இல்லை" என்று வருகிறார்கள். கருவி தொடர்ச்சியாக அளப்பதில்லை, புள்ளி புள்ளியாக அளந்து கோடு போட்டு இணைக்கிறது. 101 புள்ளிகள் என்றால், 29 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் ஒரு புள்ளிக்கும் அடுத்ததுக்கும் இடையே 290 கிலோஹெர்ட்ஸ். 7.0 முதல் 7.2 வரை 200 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள பேண்ட் முழுவதற்கும் ஒரே ஒரு புள்ளிதான் கிடைக்கும். டைபோலின் குழி அகலமானது, அதனால் ஏதோ ஒரு சாயல் தெரியும். சில பத்துக் கிலோஹெர்ட்ஸ் மட்டுமே அகலமுள்ள மேக்னடிக் லூப் (சிறு வளைய ஆன்டெனா) இந்த வீச்சில் காணாமலே போய்விடும். முதலில் அகலமாகப் பாருங்கள், பிறகு வேண்டிய பேண்டை ஒட்டிச் சுருக்கி, அந்த வீச்சுக்கே மறுபடி அளவுதிருத்தம் செய்து பாருங்கள். சொந்தத் திரை உள்ள கைக்கருவிகளுக்கும் இது பொருந்தும்.

அளவுதிருத்தம் என்றதும் பலர் பயப்படுகிறார்கள். ஓப்பன் (திறந்த முனை), ஷார்ட் (குறுக்கிணைப்பு), 50 ஓம் லோட், இந்த மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக மாட்டி, திரை கேட்கும் பட்டனை அழுத்துவது, அவ்வளவே. புரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று: எந்த இடத்தில் அந்த மூன்றையும் மாட்டினீர்களோ, அந்த இடத்திலிருந்துதான் கருவி பார்க்கிறது. அதற்குப் பிறகு 3 சென்டிமீட்டர் அடாப்டர் ஒன்றைச் சேர்த்தால் என்ன ஆகும்? 7 மெகாஹெர்ட்ஸில் ஒன்றும் ஆகாது, ஸ்மித் சார்ட்டில் ஒரு பாகைகூட நகராது. 435 மெகாஹெர்ட்ஸில் அதே 3 சென்டிமீட்டர், போய்வரும் தூரத்தில் ஏறக்குறைய 45 பாகை சுழற்றிவிடும். எஸ்டபிள்யூஆர் மாறாது, ஆனால் ரெசிஸ்டன்ஸும் ரியாக்டன்ஸும் வேறு எண்களாகிவிடும்.

இதே காரணத்தால், ரிக் இருக்கும் அறையில் கோஆக்ஸின் இந்த முனையில் அளந்துவிட்டு, "ரியாக்டன்ஸ் சுழியாக இருக்கிறது, ஆன்டெனா ரெசொனன்ஸில் இருக்கிறது" என்று சொல்ல முடியாது. கேபிள் நீளம் அந்த எண்ணைத் தன் இஷ்டத்துக்கு மாற்றியிருக்கும். அறையில் இருந்து அளக்கும்போது எஸ்டபிள்யூஆர் குழியை மட்டும் நம்புங்கள். மேலே ஆன்டெனா முனையில் உண்மையான இம்பீடன்ஸ் என்ன என்று தெரிய வேண்டும் என்றால், கேபிளின் மறுமுனையில் ஓப்பன், ஷார்ட், லோட் மூன்றையும் மாட்டி அளவுதிருத்திவிட்டு, அப்புறம் ஆன்டெனாவை இணையுங்கள். கேபிள் கணக்கிலிருந்து மறைந்துவிடும். இதை நானோவிஎன்ஏ அழகாகச் செய்யும். ஒரு கைக்கருவி வாங்கப் போகிறீர்கள் என்றால் அதிலும் இந்த வசதி இருக்கிறதா என்று அவசியம் கேளுங்கள்.

கேபிள் இன்னொரு வேலையும் செய்யும், தன் இழப்பால் எஸ்டபிள்யூஆரை அழகாக்கிக் காட்டும். 15 மீட்டர் ஆர்ஜி-58 கேபிள் 2 மீட்டர் பேண்டில் சுமார் 3 டெசிபல், அதாவது பாதிப் பவர், தின்றுவிடும். மேலே ஆன்டெனாவில் எஸ்டபிள்யூஆர் 3 இருந்தாலும், அலை போகும்போது 3 டெசிபல், திரும்பும்போது 3 டெசிபல் என்று தேய்ந்து, கீழே 1.7 என்று தெரியும். மேலே ஆன்டெனாவே கழன்று விழுந்தாலும் கீழே 3-க்கு மேல் காட்டாது! ஆகவே எந்த எண்ணையும் எங்கே அளந்தது என்று சேர்த்தே குறித்துவையுங்கள்.

கருவியில் கை வைத்தால் கோடு நகர்கிறதா என்றும் பாருங்கள். கோஆக்ஸைப் பிடித்தால், கருவியை லேப்டாப்பின் யூஎஸ்பியில் சொருகினால், குழி இடம் மாறுகிறது என்றால் கருவியைத் திட்டாதீர்கள். கேபிளின் வெளிப்புறத்தில் மின்னோட்டம் ஓடுகிறது, கேபிளும் நீங்களும் ஆன்டெனாவின் ஒரு பகுதியாகிவிட்டீர்கள் என்று அர்த்தம். ஆன்டெனாவில் கேபிள் சேரும் ஊட்டுமுனையில் ஃபெரைட் சோக் போடுங்கள். ஹெச்எஃப் பேண்டுகளுக்கு 31-ஆம் கலவை வளையங்கள் நன்றாக வேலை செய்யும். சோக் போட்டதும் கை வைத்தாலும் கோடு அசையாமல் நிற்கும். அந்த ஒரு நொடிக்காகவே அனலைசர் வாங்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

அனலைசரை எது கொல்லும்?

அனலைசரின் வாசலில் இருப்பது மிக நுண்ணிய பாகங்கள். வறண்ட காற்று வீசும் நாளில் நீண்ட கம்பியில் ஏறும் நிலைமின்சாரம் அவற்றைச் சத்தமில்லாமல் சாகடிக்கும். கேபிளை மாட்டும் முன் பிஎல்-259-இன் நடு ஊசியையும் வெளிக்கூட்டையும் ஒருமுறை ஷார்ட் செய்துவிடுங்கள், ஒவ்வொரு முறையும். மேகம் திரண்டிருந்தால் அளவையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். அப்புறம், அருகில் வேறொருவர் 100 வாட்டில் டிரான்ஸ்மிட் செய்துகொண்டிருக்கும் முகாம்களில் உங்கள் ஆன்டெனா அந்தப் பவரைப் பிடித்துக் கருவிக்குள் ஊற்றும். அவரிடம் இரண்டு நிமிடம் நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள், யாரும் மறுக்கமாட்டார்கள்.

புதியதோ பழையதோ, கையில் வாங்கியதும் நான் செய்யும் பரிசோதனை எளிது. நல்ல 50 ஓம் டம்மி லோடை (ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்டும் ரெசிஸ்டரை) மாட்டினால் எஸ்டபிள்யூஆர் 1-ஐ ஒட்டி வரவேண்டும். டி கனெக்டரில் இரண்டு 50 ஓம் லோடுகளை மாட்டினால் 25 ஓம், எஸ்டபிள்யூஆர் 2. கால்களைக் குட்டையாக வெட்டிய 100 ஓம் ரெசிஸ்டரை மாட்டினால் அதுவும் 2, 150 ஓம் என்றால் 3. ஹெச்எஃப்பில் இந்த நான்கும் சரியாக வந்தால் கருவி நலமாக இருக்கிறது. லோடில் மட்டும் சரியாக வந்து மற்றவற்றில் தடுமாறினால் உள்ளே ஏதோ அடிபட்டிருக்கிறது. பழைய டையோடு வகைக் கருவியை வாங்கும்போது இந்தப் பரிசோதனையைச் செய்யாமல் பணத்தைக் கொடுக்காதீர்கள். பேட்டரிப் பெட்டியைத் திறந்து, கசிந்த மின்கலம் துருவேற்றியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

இந்த ரெசிஸ்டர்களின் பயன் இதோடு நின்றுவிடுவதில்லை. ஒரு முனையில் மட்டும் ஊட்டும் எண்ட்-ஃபெட் ஆன்டெனாவுக்கு 49-க்கு 1 டிரான்ஸ்ஃபார்மர் சுற்றியிருந்தால், அதன் வெளிமுனையில் 2450 ஓமுக்கு நெருக்கமாக, சுருள் இல்லாத வகை ரெசிஸ்டர்களைச் சேர்த்து மாட்டி, உள்முனையை அனலைசரில் பாருங்கள். எல்லா பேண்டுகளிலும் 50-ஐ ஒட்டி இருந்தால் உங்கள் சுற்று சரி. கம்பியை ஏற்றும் முன்பே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிட்டது.

சொந்தமாகக் கட்டிப் பார்க்கும் பழக்கம் இருப்பவருக்கு இரண்டு போர்ட் உள்ள கருவியைத்தான் நான் பரிந்துரைப்பேன். சோக் எத்தனை டெசிபல் தடுக்கிறது, லோ-பாஸ் ஃபில்டர் எங்கே வெட்டத் தொடங்குகிறது என்பதை ஒரு போர்ட் கருவி நேரடியாகச் சொல்லாது. டைபோலும் வெர்டிகலும் கட்டிப் பேசினால் போதும் என்பவருக்கு ஒரு போர்ட் தாராளம்.

ஒன்று மட்டும் எச்சரிக்க வேண்டும். அனலைசர் கைக்கு வந்ததும் 1.0 என்ற எண்ணின் மேல் ஒரு ஆசை வந்துவிடும். எஸ்டபிள்யூஆர் 1.5-இல் திரும்பிவரும் பவர் நூற்றுக்கு 4 பங்கு, 2-இல் 11 பங்கு. நல்ல கேபிளில் ஹெச்எஃப்பில் அந்தத் திரும்பிய பவரும் பெரும்பகுதி வீணாவதில்லை. 1.4-ஐ 1.1 ஆக்க ஒரு விடுமுறை நாளைக் கொடுப்பதைவிட, அதே நேரத்தில் ஆன்டெனாவை இரண்டு மீட்டர் உயர்த்துங்கள். எதிர்முனையில் இருப்பவருக்குக் கேட்கும் வித்தியாசம் அதில்தான் இருக்கிறது.

கருவி எதுவானாலும், ஆன்டெனா சரியாக அமைந்த நாளன்றே அதன் கோட்டைச் சேமித்துவையுங்கள். நானோவிஎன்ஏ-சேவர் போன்ற மென்பொருளில் கோப்பாக வைக்கலாம், திரையைப் புகைப்படம் எடுத்தாலும் போதும். தேதி, கேபிள் நீளம், அளந்த இடம் மூன்றையும் கூடவே எழுதிவிடுங்கள். மழைக்காலம் முடிந்ததும் அதே இடத்தில் நின்று மறுபடி எடுத்து ஒப்பிடுங்கள். குழி இடம் நகர்ந்திருந்தால் கம்பி தொய்ந்திருக்கும், அல்லது கிளை ஏதாவது தொட்டுக்கொண்டிருக்கும். அது சுலபம். குழி முன்னைவிட அகலமாகி, பேண்டின் இரு ஓரங்களிலும் எஸ்டபிள்யூஆர் காரணமில்லாமல் குறைந்து, எல்லாம் அழகாகத் தெரிந்தால் அப்போதுதான் ஏணியை எடுக்க வேண்டும். மேல் கனெக்டர் வழியாக நீர் இறங்கிக் கேபிளின் இழப்பு ஏறியிருக்க வாய்ப்பு அதிகம். கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். கேபிளின் செம்புக் கம்பிப் பின்னல் கறுத்திருந்தால் அந்த முனையை வெட்டி, பளபளப்பான செம்பு வரும்வரை பின்னால் போங்கள். புதிய கனெக்டரைப் பற்றவைத்து, சுயமாக ஒட்டும் ரப்பர் டேப்பை கீழிருந்து மேலாகச் சுற்றி மூடியபிறகு, மறுபடி ஒரு கோடு எடுத்துச் சேமியுங்கள்.